எல்லாக் கிழமையும் நாலு குளிசை

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எங்கள் செயலாளர் போன மாதம் ரெலிபோன் எடுத்து, "அண்ணை, நீங்கள் பர்மாவுக்குப் போய் என்னவோ படிப்பிச்சனீங்களாம். அதைப் பற்றி ஒரு இருபது நிமிசம் கதையுங்கோ" என்று கேட்டார். "என்னவோ" என்று அவர் சொன்னதில் பிழையில்லை. என்னுடைய வேலை என்னவென்று என் சொந்தக்காரருக்கே இன்னும் சரியாகத் தெரியாது. ஒருமுறை மகனுடைய சிநேகிதன் "உன்ரை அப்பா என்ன செய்யிறார்?" என்று கேட்க, மகன் சொன்னான்: "மிசின் வாங்கினால் பெட்டிக்குள்ள ஒரு புத்தகம் இருக்குமெல்லோ, ஒருத்தரும் வாசிக்காமல் எறியிறது, அதை எழுதுறார்." சரியான விளக்கம்தான்.

அந்த வேலைக்குத் தமிழில் தொழில்நுட்பத் தொடர்பாடல் என்று பெயர் வைக்கலாம். ஒரு பொருளை எப்படிப் பாவிப்பது, ஒரு மருந்தை எப்படி எடுப்பது, ஒரு மிசினை எப்படிப் பழுது பார்ப்பது, ஒரு படிவத்தை எப்படி நிரப்புவது, இவற்றைத் தெரியாத ஆளுக்கு விளங்கும்படி எழுதிக் கொடுப்பது. இதைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார்கள், இதற்குச் சம்பளம் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு முப்பத்தைந்து வயது மட்டும் தெரியாது. தெரிய வந்தது என்னுடைய அம்மாவால்.

2003ஆம் ஆண்டு நடந்தது. அம்மா இங்கே லண்டனுக்கு வந்து ஐந்து வருடம். கை மூட்டு, கால் மூட்டு எல்லாம் வீங்கி, முடக்குவாதம் என்று சொல்லி மெதோட்ரெக்சேட் என்ற மருந்து கொடுத்தார்கள். அது சாதாரணக் குளிசை இல்லை. மூட்டு வாதத்துக்குக் கிழமையில் ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். நாள்தோறும் எடுத்தால் இரத்தம் உற்பத்தியாகும் இடமே பழுதாகும், உயிருக்கு ஆபத்து. நான் அன்றைக்குப் பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை முடித்து நித்திரை. மருந்து எடுக்க அம்மாவோடு போனது பத்து வயது மகன். போத்தலில் கிழமைக்கு ஒருமுறை நான்கு குளிசை என்று இங்கிலிசில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. மகன் அதை வாசித்துத் தமிழில் சொன்னான்: "அப்பம்மா, எல்லாக் கிழமையும் நாலு குளிசை."

அவன் சொன்னது பிழையா? இல்லை. ஒவ்வொரு வாரமும் நாலு குளிசை என்பதைத்தான் அவன் சொன்னான். ஆனால் அம்மாவின் காதில் விழுந்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை... எல்லாக் கிழமையும்! எங்கள் மொழியில் கிழமை என்றால் வாரமும்தான், வாரத்தில் ஒரு நாளும்தான். அம்மா ஆறு நாள் தொடர்ந்து காலமை காலமை நாலு குளிசை போட்டார். ஆறாம் நாள் வாயெல்லாம் புண். தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. ஏழாம் நாள் அம்புலன்ஸ். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கடவுள் புண்ணியம், பிழைத்துக் கொண்டார். அதன் பிறகு பதினொரு வருடம் இருந்துதான் கண்ணை மூடினார்.

மகன் அந்தப் பன்னிரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. "நான்தானே சொன்னனான், நான்தானே சொன்னனான்" என்று ஒரே அழுகை. பத்து வயதுப் பிள்ளையின் தலையில் அந்தப் பாரத்தை வைத்தது யார்? நித்திரை கொண்ட நான்தான். இந்த மண்டபத்தில் இருக்கிற எத்தனை பேர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போயிருக்கிறோம், ஹோம் ஒபிஸ் கடிதம் வாசிக்கச் சொல்லியிருக்கிறோம் என்று கையை உயர்த்தச் சொல்ல மாட்டேன். எனக்கு விடை தெரியும்.

அம்மா வீட்டுக்கு வந்த அன்று நான் ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "திங்கட்கிழமை மட்டும் நாலு குளிசை. மற்ற ஆறு நாளும் இந்தக் குளிசை இல்லை." அதைக் குசினிச் சுவரில் ஒட்டினேன். நான் எழுதிய முதலாவது தொழில்நுட்ப ஆவணம் அதுதான். அதன் பின்தான் இதற்கு ஒரு படிப்பு இருக்கிறதா என்று தேடி, மாலை வகுப்புக்குப் போய், இரண்டு வருடத்தில் ஜெனரேற்றர் செய்கிற ஒரு கொம்பனியில் கையேடு எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தேன். ஊரில் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் படித்தது அப்போதுதான் உதவியது.

இந்தத் தொழிலின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1391ஆம் ஆண்டளவில் இங்கிலாந்துக் கவிஞர் ஜெப்ரி சோசர், நட்சத்திரங்களை அளக்கிற அஸ்ரோலாப் என்ற கருவியைப் பாவிப்பது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். அந்தக் காலத்தில் படித்தவர்கள் இலத்தீனில்தான் எழுதுவார்கள். சோசர் எழுதியது பத்து வயது மகன் லூவிசுக்கு. பிள்ளைக்கு இலத்தீன் போதாது என்றபடியால் வீட்டு மொழியான இங்கிலிசில் எழுதினார். யாருக்கு எழுதுகிறோம் என்பதை முதலில் தீர்மானித்த எழுத்து அது.

அடுத்தது 1935. அமெரிக்காவில் போயிங் கொம்பனி ஒரு பெரிய குண்டு வீச்சு விமானத்தைச் சோதனைக்குப் பறக்கவிட்டது. மேலே கிளம்பிய சிறிது நேரத்தில் விழுந்து எரிந்தது. ஓட்டியவர் அனுபவசாலி. விமானம் தரையில் நிற்கும்போது காற்றுக்கு ஆடாமல் வாலைப் பூட்டி வைக்கிற பூட்டைத் திறக்க மறந்து போனார்கள். அதற்குப் பிறகு விமானிகள் கண்டுபிடித்த மருந்து ஒரு சின்ன அட்டை. கிளம்ப முதல் பார்க்க வேண்டியவை ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிய பட்டியல். இன்று எந்த விமானமும் அந்தப் பட்டியலை வாசிக்காமல் கிளம்பாது. எங்களை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த விமானமும் அப்படித்தான் வந்தது.

போர்க் காலத்தில் மிசின்கள் பெருகின, அவற்றுக்குப் புத்தகங்களும் பெருகின. 1953இல் அமெரிக்காவின் ரென்சலர் தொழில்நுட்பக் கல்லூரியில் இதற்கெனப் பட்ட மேற்படிப்பு தொடங்கியது. இந்த நாட்டில் 1972இல் இந்தத் தொழிலாளர்களுக்கென ஒரு நிறுவகம் உருவானது. விமானப் பராமரிப்புக்கென்று 1980களில் ஒரு "எளிய இங்கிலிஸ்" செய்தார்கள். ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு பொருள், செய்முறை வாக்கியத்தில் இருபது சொல்லுக்கு மேல் வரக் கூடாது, ஆபத்து எச்சரிக்கை அந்தச் செயலுக்கு முதலே வரவேண்டும். "கிழமை" மாதிரி இரண்டு பொருள் உள்ள சொல் அங்கே உள்ளே வர முடியாது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு, எங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாண அரசர் காலத்திலேயே செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்கள் பாட்டில் எழுதப்பட்டன. பாட்டு என்றால் வைத்தியருக்கு மனதில் நிற்கும். பிறகு மானிப்பாய். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் என்பவர் மானிப்பாயில் ஆஸ்பத்திரி வைத்து, எங்கள் பெடியன்களுக்கு மேலைநாட்டு வைத்தியம் படிப்பித்தார். முதலில் இங்கிலிசில் படிப்பித்தார். 1864 தொடக்கம் தமிழிலேயே படிப்பிக்கத் துணிந்தார். இங்கிலிசில் படித்தவன் உத்தியோகம் தேடிப் பட்டினத்துக்குப் போய்விடுவான், தமிழில் படித்தவன் ஊரில் நின்று வைத்தியம் பார்ப்பான் என்பது அவர் கணக்கு. மாணவர்களோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழில் கொண்டுவந்தார். உடற்கூறு, சத்திர சிகிச்சை, பிரசவம், இரசாயனம். தமிழில் சொல் இருந்தால் அதை எடுத்தார். இல்லாவிட்டால் வெட்கப்படாமல் இங்கிலிஸ் சொல்லைத் தமிழாக்கினார். இரசாயன நூலின் பெயரே "கெமிஸ்தம்". அது அச்சில் வந்தது 1875இல், அவர் ஊரை விட்டுப் போன பிறகு. 1884இல் காலமானார். மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள்.

இனி யங்கோனுக்கு வருவோம். பழைய ரங்கூன். எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் தெரிந்த பெயர்.

2013இல் மியன்மார் அரசாங்கம் இரண்டு வெளிநாட்டு ரெலிபோன் கொம்பனிகளுக்கு அனுமதி கொடுத்தது. அதற்கு முதல் அங்கே ஒரு சிம் அட்டை வாங்க நூற்றுக்கணக்கான டொலர் வேண்டும். 2014இல் அதே அட்டை 1,500 சாட், அதாவது ஏறக்குறைய ஒன்றரை டொலர்! நாடெங்கும் கோபுரங்கள் முளைத்தன. கரண்ட் இல்லாத ஊர்களில் கோபுரத்துக்குப் பக்கத்தில் டீசல் ஜெனரேற்றர் வைக்க வேண்டும். அவற்றைப் பார்க்கிறவர்கள் வயல் வேலையிலிருந்து வந்த இளம் பெடியன்கள். கையேடுகளோ இங்கிலிசிலும் சீனத்திலும். 2015இல் என்னை யங்கோனுக்கு அனுப்பினார்கள். அங்குள்ள பதினான்கு இளைஞர், யுவதிகளுக்குப் பர்மிய மொழியில் கையேடு எழுதப் பயிற்சி கொடுக்க வேண்டும். எனக்கோ பர்மிய மொழி ஒரு எழுத்தும் தெரியாது!

முதற் கிழமை அவர்கள் எழுதியதை மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னேன். எல்லாம் அழகாக இருந்தது. அழகுதான் வில்லங்கம். பர்மிய மொழியிலும் எங்களைப் போல எழுதுகிற மொழி வேறு, கதைக்கிற மொழி வேறு. கதைக்கும்போது "டெ" என்று முடிக்கிற வாக்கியத்தை எழுதும்போது "தி" என்று முடிப்பார்கள். படித்த பிள்ளைகள் எல்லோரும் "தி" போட்டு, அரசாங்க வர்த்தமானி மாதிரி எழுதியிருந்தார்கள். பர்மிய எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. நீண்ட வாக்கியம் என்றால் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனுக்கு மூச்சு வாங்கும். நான் அவர்களுக்குத் தமிழில் உதாரணம் சொன்னேன். "சுவிச்சினை அழுத்துக" என்று எழுதலாம், "சுவிச்சை அமத்துங்கோ" என்றும் எழுதலாம். ஜெனரேற்றருக்கு முன்னால் நிற்கிறவனுக்கு எது வேண்டும்? பிள்ளைகள் சிரித்தார்கள். தங்கள் மொழிக்கு மட்டும்தான் இந்த வருத்தம் என்று நினைத்திருந்தார்களாம்.

இரண்டாம் கிழமை வகுப்பைத் தேத்தண்ணிக் கடைக்கு மாற்றினேன். யங்கோனில் தெருவுக்குத் தெரு தேத்தண்ணிக் கடை. முழங்கால் உயரத்துக்குச் சின்னப் பிளாஸ்ரிக் கதிரை, பால் விட்ட தேத்தண்ணி, சமூசா, எங்கட தோசைகூட "தோஷே" என்ற பெயரில் கிடைக்கும். சாரம் கட்டி இருந்து குடிக்கிறவர்களைப் பார்த்தால் ஊர்ச் சந்தியில் நிற்கிற மாதிரி இருக்கும். ஓடாத, குளிர்ந்த ஜெனரேற்றர் ஒன்றைக் கடைக்குப் பின்னால் வைத்து, கடையில் வேலை செய்த இளைஞன் ஒருவனிடம் நாங்கள் எழுதிய தாளைக் கொடுத்தோம். எழுதினவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்: வாயைத் திறக்கக் கூடாது. பார்க்க மட்டும் வேண்டும்.

அவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று செய்து வந்தான். நாலாவது: மூடியைத் திற. திறந்தான், உள்ளே கையை விட்டான். பிறகு ஐந்தாவதை வாசித்தான்: மூடியைத் திறக்க முதல் இயந்திரம் ஆறும்வரை காத்திரு. அவன் நிமிர்ந்து எங்களைப் பார்த்த பார்வை இப்பவும் ஞாபகம். அது சூடான இயந்திரமாக இருந்திருந்தால் அவன் கை வெந்திருக்கும். அந்தப் பக்கத்தை எழுதிய பிள்ளை வகுப்பிலேயே கெட்டிக்காரி. எழுந்து போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். அன்றைக்கு அவள் படித்ததை நான் ஒரு வருடம் பலகையில் எழுதியிருந்தாலும் படிப்பித்திருக்க முடியாது.

நிறை பற்றியும் ஒரு சங்கதி. "25 கிலோவுக்கு மேல் ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது" என்று கையேட்டில் இருந்தது. அந்தப் பெடியன்களுக்குக் கிலோ பிடிபடவில்லை. அங்கே சந்தையில் அரிசியைத் தவிர இறைச்சி, மரக்கறி, எண்ணெய் எல்லாம் "விஸ்" கணக்கில்தான். ஒரு விஸ் ஏறக்குறைய 1.63 கிலோ. 25 கிலோவை 15 விஸ் என்று மாற்றி எழுதினோம், விளங்கிவிட்டது. அந்த விஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமோ? எங்கட வீசை! தமிழ் வியாபாரிகள் கொண்டுபோய்க் கொடுத்த சொல்.

எழுத்துரு வில்லங்கமும் அங்கே இருந்தது. 1990களில் எங்கள் சங்க மலரைப் பாமினியில் அடித்தது பழைய செயற்குழுக்காரருக்கு ஞாபகம் இருக்கும். பாமினி இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் வெறும் இங்கிலிஸ் எழுத்துக்கள் குப்பையாக வரும். பர்மாவில் அதற்குப் பெயர் ஸவ்ஜீ. யூனிகோட் முறையில் பர்மிய எழுத்துக்கு இடம் இருந்தும், பெரும்பாலான போன்கள் அந்த முறைக்கு ஒத்துவராத ஸவ்ஜீ எழுத்துருவோடு விற்கப்பட்டன. நாங்கள் போனில் அனுப்பிய பாதுகாப்பு அறிவித்தல் சிலருக்கு ஒழுங்காகவும் சிலருக்கு எழுத்து இடம்மாறிச் சிதைந்தும் போனது. எழுதினது சரி, போய்ச் சேர்ந்தது பிழை. அதனால் அவசரமானதை எல்லாம் அச்சடித்துக் கையில் கொடுத்தோம். 2019 ஒக்டோபர் முதலாம் திகதிதான் அந்த நாடு உத்தியோகபூர்வமாக யூனிகோட்டுக்கு மாறியது.

இனி, நான் அங்கே கண்ட பெரிய ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யங்கோன் நகரத்தின் நடுவில், கொன்ஸேடான் வீதியில், காளியம்மன் கோயில் இருக்கிறது. 1871இல் தமிழர் கட்டிய கோயில். வெள்ளிக்கிழமைகளில் போவேன். அங்கே எழுபது வயது தாண்டிய ஒரு ஐயாவோடு பழக்கமானது. பிறந்ததும் வளர்ந்ததும் அந்த நகரத்தில். 1962இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடைகளையும் வியாபாரங்களையும் அரசு எடுத்துக்கொண்டது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுக்களையும் செல்லாதென்றார்கள். அந்த வருடங்களில் ஏறக்குறைய மூன்று இலட்சம் இந்திய வம்சாவளியினர் கப்பலேறினார்கள். அதற்கு முதல் 1942இல் யப்பான்காரன் வந்தபோது இலட்சக்கணக்கானோர் காடு மலையால் நடந்தே போனார்கள், வழியில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கு. அகதி என்ற சொல் எங்களோடு தொடங்கவில்லை.

1964இல் அந்த ஐயாவுக்கு இருபது வயது. பர்மிய மொழியும் இங்கிலிசும் தமிழும் எழுதத் தெரியும். கப்பலேறுகிறவர்களுக்கு மனுவும் படிவமும் எழுதிக் கொடுத்தார். நகைக் கணக்கில் ஒரு எழுத்துப் பிழைத்தால் துறைமுகத்தில் நிறுத்தி வைத்துவிடுவார்களாம். நான் கேட்டேன், "ஐயா, நீங்கள் எழுதினது அவங்களுக்கு விளங்கினது என்று எப்பிடி உறுதிப்படுத்துவீங்கள்?" அவர் தமிழ்நாட்டுச் சாயலில் சொன்னார்: "வெளங்குச்சான்னு மட்டும் கேக்கவே கூடாது தம்பி. எல்லாரும் வெளங்குச்சுன்னுதான் சொல்வாங்க, பயம். எழுதினதைப் படிச்சுக் காட்டுவேன். அப்புறம், ஆபீசர் கேட்டா நீங்க என்ன சொல்வீங்க, இப்ப எங்கிட்டச் சொல்லுங்கன்னுவேன். சரியாச் சொல்ற வரைக்கும் கையெழுத்து வாங்க மாட்டேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்று வைத்தியசாலைகளில் தாதிமாருக்குப் படிப்பிக்கிற முறை இதுதான். நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பது. பட்டமும் இல்லாமல் சான்றிதழும் இல்லாமல் கோயில் வாசலில் இருந்த ஐயா அதை 1964இலேயே செய்திருக்கிறார். அன்றைக்கு மருந்துக்கடையில் ஒருவர், அல்லது வீட்டில் நான், அம்மாவிடம் "எப்ப எப்ப போடுவியள், சொல்லுங்கோ பாப்பம்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? "நாளைக்கு நாலு, நாளண்டைக்கு நாலு" என்று அவர் சொல்லியிருப்பார். அந்த நிமிடத்திலேயே பிழை பிடிபட்டிருக்கும்.

அடுத்த நாள் வகுப்பில் பலகையில் ஐந்து வரி எழுதினேன். அன்று தொடக்கம் எங்கள் பாடத்திட்டம் அதுதான்:

1. யாருக்கு எழுதுகிறாய்? அந்த ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுது.
2. ஒரு வரியில் ஒரு வேலை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்.
3. எச்சரிக்கை முதலில், செயல் பிறகு.
4. அவன் கதைக்கிற சொல், அவன் அளக்கிற அளவு.
5. அவன் செய்து காட்டும்வரை, அல்லது திருப்பிச் சொல்லும்வரை, உன் வேலை முடியவில்லை.

இந்த ஐந்தையும் படிப்பிக்க முடியும். அதுதான் முக்கியம். நல்ல எழுத்து பிறவியிலே வரவேண்டும் என்று எங்களில் பலர் நினைக்கிறோம். கவிதைக்கு அது சரியாக இருக்கலாம். மருந்துத் தாளுக்கு அப்படியில்லை. தச்சு வேலை மாதிரி, தையல் மாதிரி, பழக்கினால் வரும். அந்தப் பதினான்கு பேரும் எட்டு மாதத்தில் என்னை விட நன்றாக எழுதினார்கள்.

சிலர் கேட்பீர்கள், இப்ப போனிலேயே மொழிபெயர்ப்பு இருக்கிறது, கொம்பியூட்டரே எழுதித் தருகிறது, இனி இந்தத் தொழில் எதற்கு என்று. நியாயமான கேள்வி. 1953இல் இருந்து வளர்ந்து வந்த அமெரிக்கச் சங்கமே 2025இல் இழுத்து மூடப்பட்டது. நானும் அந்தக் கருவிகளைப் பாவிக்கிறேன், உதவிதான். ஆனால் "எல்லாக் கிழமையும் நாலு குளிசை" என்பதில் இலக்கணப் பிழை இல்லையே! எந்தக் கருவியும் அம்மாவின் முகத்தைப் பார்த்து, அவர் தலையாட்டியது விளங்கியா, விளங்காமலா என்று கேட்காது. பக்கத்தில் இருந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

2021 பெப்ரவரி முதலாம் திகதி மியன்மாரில் மீண்டும் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. என்னுடைய பதினான்கு பிள்ளைகளில் ஏழு பேர் இப்போது அந்த நாட்டில் இல்லை. தேத்தண்ணிக் கடையில் மன்னிப்புக் கேட்டாளே, அந்தப் பிள்ளை தாய்லாந்து எல்லையில் மே சொட் என்ற ஊரில் இருக்கிறாள். அகதியாக. அங்கே வந்து சேருகிற தாய்மாருக்குப் பிள்ளைக்குத் தடுப்பூசி எப்போது, வயிற்றோட்டத்துக்கு உப்புச்சீனிக் கரைசல் எப்படி என்று ஒரு பக்கத் தாள்கள் எழுதுகிறாள். எங்களுக்கு ஜீவனிப் பக்கற் ஞாபகம் வரும். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். முகாமில் இருக்கிறவளிடம் லீற்றர் அளக்க என்ன இருக்கிறது? அவள் அங்கே கடையில் விற்கிற தண்ணிப் போத்தலின் படத்தை வரைந்து, எதுவரை நிரப்ப வேண்டும் என்று கோடு போட்டிருக்கிறாள். தாளை எனக்கு அனுப்பிவிட்டு எழுதியிருந்தாள்: "பத்துத் தாய்மாரைச் செய்து காட்டச் சொன்னேன், ஒன்பது பேர் சரி. பத்தாவது ஆளுக்காக இன்னும் திருத்துகிறேன்."

அவர்களுடைய புத்தாண்டும் எங்களுடைய சித்திரையோடுதான் வரும். திஞ்ஞான் என்று ஆளுக்காள் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். இன்று காலை அவளிடமிருந்து வாழ்த்து வந்தது. அதை உங்களுக்கும் சொல்லச் சொன்னாள்.

முடிவாக இந்தச் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, பிள்ளைகளை டொக்டரிடம் மொழிபெயர்க்கக் கொண்டு போகாதேயுங்கோ. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை, உடனடி ஆபத்து நேரத்தைத் தவிர, மொழிபெயர்ப்புக்குப் பாவிக்கக் கூடாது என்று இந்த நாட்டுச் சுகாதார சேவையின் வழிகாட்டலே சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர் இலவசம். நேரம் எடுக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கோ. கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, மாதத்தில் ஒரு சனிக்கிழமை இந்த மண்டபத்தில் ஒரு மேசை போடுவோம். கடிதம், படிவம், மருந்துப் போத்தல், எதுவானாலும் கொண்டு வாருங்கோ. வளர்ந்த நாங்கள் நாலைந்து பேர் இருந்து, பெரிய எழுத்தில் ஒரு பக்கத் தாள் எழுதித் தருவோம். மருந்து விசயத்தில் எழுதினதை மருந்துக்கடைக்காரரிடம் காட்டி உறுதிப்படுத்திய பிறகே தருவோம். நீங்கள் திருப்பிச் சொல்லாமல் எழும்ப விடமாட்டோம். ஐயாவின் சட்டம்!

மூன்றாவது, பதினாறு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு இதைத் தொழிலாகக் காட்டுவோம். டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன் என்றுதான் நாங்கள் கேட்கிறோம். இரண்டு மொழியோடு வளர்ந்து, சின்ன வயதிலேயே பெரியவர்களின் கடிதங்களை வாசித்து வந்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் கைக்கு அருகில் இருக்கிறது. இவ்வளவு நாளும் பயத்தோடும் சம்பளமில்லாமலும் செய்தார்கள். முறையாகப் படித்துச் செய்யட்டும்.

என்னுடைய மகனுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. அவன் மருந்தாளர். தான் கொடுக்கிற ஒவ்வொரு மருந்துக்கும், "எப்ப எடுப்பீங்கள் என்று எனக்குச் சொல்லுங்கோ" என்று கேட்டுத்தான் அனுப்புவானாம். வரிசையில் நிற்கிறவர்கள் சிலவேளை கோபிப்பார்களாம். "பரவாயில்லை அப்பா, கோபிக்கட்டும்" என்கிறான்.

 மேசைக்கு உதவி செய்ய விரும்புகிறவர்கள் சாப்பாட்டு நேரம் என்னிடம் பெயரைத் தாருங்கோ.